ஓடக்கரை வீட்டின் கடைசிக் கசெட்

2009 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.00.

பிலிப்பு வீடியோ டெக்கின் பொத்தானை அழுத்தினார். திரையில் வெறும் நீலம். உள்ளே கசெட் இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த அவருடைய வீடியோக் கடையில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘ஓடக்கரை வீடு’ தொடர் முடிந்து நாலரை வருடம். இவர்களின் சண்டைக்கு மட்டும் முடிவில்லை. அந்தத் தொடரில், கடலுக்குப் போனவனுக்காகத் தினமும் விளக்கேற்றும் மனைவி கடைசிக் காட்சியில் சொல்வது ஒரே வரி: “இனி விளக்கை அணைக்கலாம்.”

அவன் வந்துவிட்டான், விளக்கு எதற்கு என்பாள் பீற்றிஸ். அவளுடைய ஒரே மகன் டிலுக்ஷன் காணாமல் போய் ஒரு வருடமாகிறது. செத்துவிட்டான், காத்திருந்து என்ன பயன் என்பான் ஏறாவூர்ப் புடவை வியாபாரி பாறூக். தொடரை எழுதியவரைக் கேட்கலாமென்றால் அவரைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்தின வாரம் அவர் கொடுத்த பேட்டியைப் பிலிப்பு பதிந்துவைத்து மறந்துபோயிருந்தார். போன வாரம்தான் அந்தக் கசெட் அலுமாரிக்கு மேலே பொலித்தீன் பையில் அகப்பட்டது. இன்று விடை தெரிந்துவிடும் என்றிருந்தார்கள்.

“தோத்தா கசெட்ட வாவியில எறிவன் எண்டு சொன்னவன் நீதானே?” பிலிப்பு பாறூக்கை முறைத்தார். “இனி இந்தப் பக்கம் வராத.”

பாறூக்கின் முகம் செத்துப்போனது.

“பொறுங்க,” என்றாள் சுலோஜனா. உப தபால் அதிபர், தனிக்கட்டை. இந்த ஞாயிறுகள் இல்லாவிட்டால் அவளுக்கும் பேச ஆளில்லை. “பிலிப்பண்ணன், கசெட்ட எப்ப உள்ள போட்ட?”

“மூணே காலுக்கு. மூணு இருவதுக்குக் கரண்ட் போயிற்று. வழமபோல பிளக்கக் கழட்டிப் போட்டிட்டு, தேத்தண்ணிக்குப் பணிஸ் வாங்கப் போனன். இவன்தான் தனிய இரிந்த.”

“பாறூக்?”

“பீற்றிஸக்கா வந்தொடன அசர் தொழப் போயிற்றன். மூணே முக்கால் இரிக்கும். அப்பயும் கரண்ட் இல்ல.”

“எப்பக்கா கரண்ட் வந்த?”

“மூணு அம்பதுக்கு,” என்றாள் பீற்றிஸ். “ஃபேன் சுத்தின.”

சுலோஜனா டெக்கின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.

“பிலிப்பண்ணன், இப்ப வந்து பிளக்கப் போட்டது நீங்களா?”

“இல்லியே. போட்டுத்தான் கிடந்த.”

“அப்ப பாறூக் எடுக்கல்ல. கரண்ட் இல்லாம டெக் கசெட்ட வெளிய தள்ளாது. கரண்ட் வந்த பிறகு பிளக்கப் போட்டுத்தான் எடுத்திரிக்கு. நாங்க மூணு பேரும் வர முந்தி, அந்தப் பத்து நிமிசமும் இஞ்ச இரிந்தது ஒராள்தான்.” அவள் குரல் தணிந்தது. “பீற்றிஸக்கா, அவசரத்துல திரும்பக் கழட்ட மறந்திட்டீங்க.”

பீற்றிஸ் கைப்பையைத் திறந்து கசெட்டை மேசையில் வைத்தாள்.

“செத்திட்டான் எண்டு அந்த மனிசன் சொல்லிட்டா, மறுகா நான் எங்க போய் இல்ல எண்டு சொல்ற? அயலுக்குள்ள ஒருத்தரும் டிலுக்ஷன்ட பேரையே எடுக்கிறல்ல. நான் வந்தா கதைய நிப்பாட்டுதுகள். இஞ்ச மட்டும்தான் நான் வாய்விட்டுச் சண்ட பிடிக்கிற.”

யாரும் கசெட்டைத் தொடவில்லை. பெற்ற வயிறு என்று பிலிப்பு முணுமுணுத்தார்.

பாறூக் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. அவன் வந்திட்டான்.”

இத்தனை வருடத்தில் அவன் விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. பீற்றிஸுக்கு அது தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

“நீயும் இரக்கப்படாத தம்பி. எப்பவும்போல சொல்லு.”

பாறூக் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அவன் செத்திட்டான் அக்கா.”

“இல்ல,” என்றாள் பீற்றிஸ்.