மூன்று பீஸ் கட்டைகள்

கம்பத்தின் மேலிருந்து வந்துகொண்டிருந்த டக், டக் என்ற சத்தம் எப்போது நின்றது என்று கனகலட்சுமிக்குத் தெரியவில்லை. மகனின் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தவள், தவளைகளின் கத்தலும் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும் மட்டும் காதில் விழுவதைக் கவனித்துத் தலையை நிமிர்த்தினாள். வேலை முடிந்திருந்தால் லைன்மேன் மொக்கையன் ஒரு குரல் கொடுத்திருப்பாரே. கொடுக்கவில்லை.

நேற்று அடித்த சூறைக்காற்றில் கீழக்குயில்குடிப் பக்கம் பாதி மரங்கள் படுத்துவிட்டன. தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் அவள் வீட்டுக்கு வரும் கரண்ட் கம்பி, வாசலுக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் அறுந்து தொங்கியது. டெலிபோன் கம்பியும் போனதால் இன்டர்நெட்டும் போயிற்று. குவைத்திலிருக்கும் புருஷன் அழகுபாண்டி தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவான். இன்று அந்தத் திரை கறுப்பாகக் கிடந்தது. செல்போனில் சார்ஜ் இல்லை. ஓடைப் பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. விளாங்குடிக்கு மகள் வீட்டுக்குப் போன மாமியார் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

ஆறு வயது விருமாண்டிக்கு மத்தியானத்திலிருந்தே இளைப்பு. மருந்தை ஆவியாக்கி மூக்கு வழியாகக் கொடுக்கும் மெஷின் கட்டிலின் மேலேயே இருந்தது. அதற்குக் கரண்ட் வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

மொக்கையன் நாலு மணிக்கு வரப்பு வழியாகச் சேற்றோடு வந்தார். வந்ததும் கரண்டை நிறுத்த டிரான்ஸ்பார்மர் பெட்டியிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்.

"இத நீயே வச்சுக்க தங்கச்சி. எவனாச்சும் மோட்டார் போடணும்னு வந்து கேப்பான். நான் எறங்கி வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுத்துறாத. மேல நிக்கிறது என் உசுரு, பாத்துக்க."

"புள்ளைக்கு மூச்சு வாங்குதுண்ணே. சீக்கிரம் பாருங்கண்ணே."

"அரை மணி நேரம் பொறு" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

அரை மணி நேரம் ரெண்டு மணி நேரமாயிற்று. பாவி மனுஷன் என்னதான் செய்கிறார்! இருட்டிவிட்டது. மகனின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு மூச்சும் கிழிந்த துருத்தியின் ஓசையோடு வந்தது. மெழுகுவர்த்தியை முகத்தருகே கொண்டுபோனாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அண்ணே!" வாசலில் நின்று கத்தினாள். "மொக்கையண்ணே!"

டார்ச்சை அடித்தாள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த மங்கல் வெளிச்சத்தில் கம்பத்தின் உச்சி தெரிந்தது. அங்கே ஆள் இல்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார், பீடி பற்றவைக்க எங்கேயாவது ஒதுங்கியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பத்தடியில் அவருடைய செருப்புகள் கிடந்தன. பார்த்தாள். பார்க்காததுபோல், பீஸ் கட்டைகளோடு டிரான்ஸ்பார்மர் பெட்டிக்கு நடந்தாள்.

பீஸ் போடுவது தோட்டத்துக்காரிக்குப் புதிதல்ல. மோட்டாருக்காக அழகுபாண்டி போடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், அவன் வெளிநாடு போன பிறகு அவளே போட்டிருக்கிறாள். ரப்பர் செருப்போடு பலகைமேல் ஏறி முதல் கட்டையைச் சொருகினாள். இரண்டாவதையும் சொருகினாள். மூன்றாவதைச் சொருகும்போது நீலமாகப் பொறி தெறித்தது. பின்னால், இருட்டுக்குள் உயரத்தில், யாரோ தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல் ஒரு தடவை முனகினார்கள். இடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இடி அப்படி முனகாது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீடு வெளிச்சமாகிவிட்டது. ஓடினாள்.

மெஷின் உறுமியது. முகமூடியை மகனுக்கு மாட்டியதும் வெள்ளையாக மருந்துப் புகை வந்தது. ஐந்து நிமிஷத்தில் விலா அடங்கியது, உதட்டில் நிறம் வந்தது. "என் சாமி, என் சாமி" என்று அழுதுகொண்டே அவன் காலைப் பிடித்து முத்தமிட்டாள். அப்போதுதான் விளக்கைப் பார்த்தாள்.

வெளிச்சம் ஒரே சீராக இல்லை. ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஆள் மூச்சு விடுவதுபோல.

ஜன்னல் வழியாக ஒரு நாற்றம் வந்தது. பண்டிகைக்கு ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டும்போது வருமே, அது. மயிரும் தோலும் கருகும் நாற்றம். இந்த மழையில் யார் வீட்டில் ஆட்டுத்தலை வாட்டப்போகிறார்கள்? பக்கத்தில் வீடே இல்லையே.

ஜன்னலைச் சாத்தினாள். நாற்றம் போகவில்லை.

"தங்கச்சி."

வாசலிலிருந்து இல்லை. உயரத்திலிருந்து.

அவர் உயிரோடு இருக்கிறார்! இப்போதே பீஸைப் பிடுங்கினால் பிழைப்பார். எழுந்து வெளியே ஓடினாள். விளக்கு வெளிச்சம் வாசல் வழியாகக் கம்பத்தில் விழுந்திருந்தது. உச்சியில் ஆள் இல்லைதான். உச்சிக்குக் கீழே இருந்தார். இடுப்புக் கயிற்றில், கம்பத்துக்கு அந்தப் பக்கம், தலைகீழாக. அவள் பீஸ் போடுவதற்கு முன்பே மயங்கிச் சரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கைகளும் விரிந்திருந்தன. ஒரு கையில் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியின் நுனி. இன்னொரு கையில் வீட்டுக்குப் போகும் கம்பியின் நுனி. நடுவே எந்த இணைப்பும் இல்லை. அவர் மட்டும்தான்.

விரல்கள் கரியாகியிருந்தன. கண்கள் இருந்த இடத்தில் வெள்ளையாகப் புகை. அவர் உயிரோடு இல்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"புள்ளைக்கு மூச்சு வருதா தங்கச்சி?"

வாய் அசையவில்லை.

"வ… வருதுண்ணே."

"ரொம்ப எரியுது. விட்றட்டுமா?"

இடது கையில் ஒரு விரல் பிரிந்தது. வீடு மங்கியது. உள்ளே மெஷின் தடுமாறி இழுத்தது. மகன் இருமினான். அந்தப் பழைய கிழிந்த ஓசை. இன்னொரு விரல் பிரிந்தது.

டிரான்ஸ்பார்மர் நாற்பதடியில் இருந்தது. பதினைந்து எட்டு வைத்தால் போதும். அவள் அங்கே பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள்.

"விட்றாதீங்கண்ணே" என்றாள். கைகூப்பினாள். "விடியிற வரைக்கும். உங்களக் கும்புடுறேன்ணே, விட்றாதீங்க."

பிறகு பிரிந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, கம்பியை இறுக்கிப் பிடித்தன. வீடு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில், மொக்கையன் வாய் திறந்து அலறத் தொடங்கினார்.