நான்காவது மைக்

சமையலறை வாசலில் நின்ற மைக்கின் முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் சவுண்ட் மிக்ஸர் திரையில் அதற்குரிய பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சவுண்டுக்காரர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அடுக்குமாடி வீட்டில் சத்தத்துக்கா பஞ்சம்? மேல்வீட்டில் நாற்காலியை இழுப்பார்கள், கீழே எவனாவது பைக்கைத் துடைத்துவிட்டு முறுக்கிப் பார்ப்பான், ஃபிரிட்ஜ் தன் பாட்டுக்கு முனகும். ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்துகிடந்தது; பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளின் தெர்மாகோல் வாசனையும், சுருட்டி வைத்த பழைய ஒயர்களின் ரப்பர் வாசனையும், காலையில் குடித்துவிட்டுக் கழுவாமல் விட்ட காப்பி டம்ளரின் புளிப்பும் சேர்ந்து அந்தக் கூடத்தில் அசையாமல் நின்றன. ஒருவர் மட்டுமே இருக்கிற வீட்டில் வாசனைகூடப் போக்கிடம் இல்லாமல் நின்றுவிடும்.

ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை; ஆகவில்லை என்று வருத்தப்படவும் நேரம் இருந்ததில்லை. முப்பது வருடமாகச் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பு. நூறு பேர் உட்காரும் அரங்கு, பள்ளி ஆண்டுவிழா, ஓட்டல் மொட்டைமாடியில் மெல்லிசை. மேடையில் நிற்பவர்கள், "செக்... செக்... கேக்குதா?" என்பார்கள். இவர் கூட்டத்தின் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கி, "கேக்குது" என்பார்.

இரண்டு வருடமாக அந்தக் "கேக்குது" பச்சைப் பொய்.

இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் கனமான சத்தம் கேட்கும். கீச்சுச் சத்தமோ மெல்லிசான சத்தமோ எதுவும் ஏறாது. "மொதல்ல போறது கிசுகிசுப்புதான் சார். பக்கத்துல உக்காந்து ரகசியம் பேசினாக்கூட உங்களுக்குத் தெரியாது" என்றார் காது டாக்டர். எனக்கு யார் ரகசியம் சொல்லப்போகிறார்கள் என்று இவரும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து சிரிப்பே பழக்கமாகிவிட்டது. காதில் விழாத எதற்கும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போன மாதம் குட்டு உடைந்தது. பாடகியின் மைக் கீச்சென்று ஊளையிட்டது. இருநூறு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ரசித்து நின்றார். பாடகியே மேடையிலிருந்து இறங்கி வந்து மிக்ஸரில் கை வைத்துச் சத்தத்தைக் குறைத்தாள். திட்டக்கூட இல்லை, அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வருகிற வெள்ளிக்கிழமை அதே பாடகி, அதே அரங்கு. "கடைசியா ஒரு தடவை பாக்கலாம் சார்" என்று சொல்லியிருந்தாள். அதில் சொதப்பினால் முப்பது வருடத் தொழிலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால்தான் டிஜிட்டல் மிக்ஸர். அதில் திரை இருக்கிறது. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு கோடு, சத்தம் ஏற ஏறப் பச்சை மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். கீழே ஓர் அலைப்படம், இடது ஓரத்தில் கனமான சத்தம், வலது ஓரத்தில் கீச்சென்ற மெல்லிய சத்தம். ஊளை கிளம்புவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு முள் எழும்பும், அமுக்கிவிடலாம். காது போனால் என்ன, கண் இருக்கிறதே.

கடைக்காரர் பழைய பழக்கம். இரண்டு மாடலைக் காட்டினார். ஒன்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பதினாறு தள்ளுகட்டைகள் உள்ள பெரிய போர்டு. விரலுக்குப் பழகிய இடம், ஆனால் மூன்று மாடி தனியாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். இன்னொன்று தள்ளுகட்டையே இல்லாத கையடக்கப் பெட்டி. ஒரு பையில் போட்டுக்கொண்டு போகலாம், ஆனால் எல்லாவற்றையும் டேப்லட்டில் தடவித்தான் செய்ய வேண்டும். இவர் அரைமணி நேரம் இரண்டுக்கும் நடுவே நின்றார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்கண்ணே. வீட்ல வெச்சுப் பாத்துட்டு திங்கக்கிழமை ஒண்ணத் திருப்பிக் குடுங்க. நீங்க ஓடியா போகப்போறீங்க?" என்றார் கடைக்காரர்.

அப்படித்தான் கூடத்தில் நான்கு மைக்குகளை மேடைபோல நிறுத்தி, முதலில் பெரிய போர்டைச் சொருகினார். சமையலறை வாசலில் நின்ற மைக்தான் ஒன்றாம் எண்.

கோடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து போய் ஃபிரிட்ஜை அணைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். குழாயைத் திருகி இறுக்கினார். திரும்பி வந்து பார்த்தார். ஆடியது. சரி, ஒயர் போலிருக்கிறது என்று ஒயரை மாற்றினார். மைக்கை மாற்றினார். வேறு துளையில் சொருகினார். எந்த மைக்கைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தினாலும், எந்தத் துளையில் சொருகினாலும், அந்த இடத்துக் கோடுதான் ஆடியது.

"போர்டுல கோளாறு" என்றார் வாய்விட்டு. நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. ஆக, எதைத் திருப்பிக் கொடுப்பது என்ற குழப்பம் தீர்ந்தது. பெரிய போர்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சின்னப் பெட்டியை எடுத்து நான்கு ஒயர்களையும் அதில் சொருகினார். டேப்லட் வெளிச்சமானது.

ஒன்றாம் எண் ஆடியது.

அதே கோடு. அதே ஏற்றம், அதே இறக்கம். இரண்டு வேறு கம்பெனிப் பொருள். ஒரே நாளில், ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? இவர் டேப்லட்டை முகத்தருகே கொண்டுபோனார். கீழே அலைப்படத்தில் இடது பக்கம் சமதரை. நடுவிலும் ஒன்றுமில்லை. வலது ஓரத்தில் மட்டும் புல் முளைத்ததுபோல் ஒரு கற்றை எழும்பியது, அடங்கியது, எழும்பியது.

ஃபிரிட்ஜ் அந்த இடத்தில் முனகாது. குழாய் அங்கே சொட்டாது. தொழிலில் ஊறியவருக்கு இது தெரியும். அந்த ஓரத்தில் இருப்பது மூச்சு, கிசுகிசுப்பு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டவே இல்லை. பட்டப்பகல். கீழே யாரோ பைக்கை உதைத்தது அவர் வலது காதுக்கே கேட்டது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது அவருடைய வேலை. மேடையில் இரைச்சல் வந்தால் மைக்குகளை வரிசையாக வைத்து, எதில் அதிகம் என்று பார்த்துக்கொண்டே போவார். அதையே செய்தார். ஒன்று சமையலறை வாசலில். இரண்டு கூடத்தின் நடுவில். மூன்றைத் தான் உட்காரும் இடத்துக்கு இடப்பக்கம், சுவரோரமாக நிறுத்தினார். இடப்பக்கம் சுவர் இருந்தால்தான் அவருக்குத் தைரியம், கேட்காத பக்கத்தில் எவனும் வந்து நிற்கக் கூடாது. நான்காவது மைக்கைக் கையில் வைத்துக்கொண்டார்.

தானே அதில் கிசுகிசுத்துப் பார்த்தார். வாயில் வந்தது பழகிய வார்த்தைதான். "கேக்குதா?"

நான்காம் கோட்டில் அசைக்கு ஒன்றாக மூன்று திட்டு எழும்பியது. ஒன்று, இன்னொன்று, கடைசியில் கொஞ்சம் நீளமாக ஒன்று. ஓரத்தில் அதே புல்.

ஒன்றாம் கோட்டில் மூன்று திட்டு எழும்பியது. ஒன்று, இன்னொன்று, கடைசியில் நீளமாக.

அவர் வாயை மூடிக்கொண்டார். கையிலிருந்த மைக்கின் கோடு படுத்தது. ஒன்றாம் கோடு படுக்கவில்லை. மூன்று திட்டு. இடைவெளி. மூன்று திட்டு. பதிலுக்குக் காத்திருப்பவர்கள் விடுகிற இடைவெளி.

பிறகு அதுவும் அடங்கியது. அப்பாடா என்று மூச்சுவிட்டார்.

இரண்டாம் கோடு எழும்பியது.

கூடத்தின் நடுவில் மைக் ஸ்டாண்டு மட்டும் நின்றது. சுற்றிலும் வெயில் கட்டங்கள். நிழல் ஒன்றுதான், ஸ்டாண்டின் நிழல். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கரித்தது. எழுந்து ஓடலாம், வெளிக்கதவுக்குப் போக அந்த நடுக்கூடத்தைத் தாண்ட வேண்டும்.

மடியில் போன் அதிர்ந்தது. உயிர் போய் வந்தது.

அக்கா. ஞாயிறு நாலு மணிக்குத் தவறாமல் கூப்பிடுவாள். வாரத்தில் இவரிடம் பேசுகிற ஒரே சொந்தம். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டு வலது பக்கம் தரையில் வைத்தார்.

"என்ன தம்பி, சாப்ட்டியா?"

"அக்கா." போன் பக்கம் குனிந்தார். "அக்கா, போன வைக்காத. பேசிட்டே இரு."

"என்னடா ஆச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றவள் சட்டென்று குரலை மாற்றினாள். அதில் ஒரு குறும்பு. "சண்டையா ரெண்டு பேருக்கும்?"

"எந்த ரெண்டு பேரு?"

"போதும்டா நடிப்பு. எனக்கென்ன காது செவிடா? மூணு மாசமா நீ போன் எடுக்கும்போதெல்லாம் பின்னாடி ஒரு பொண்ணு குசுகுசுன்னு பேசறா. மொத வாரமே பக்கத்துல யாருடான்னு மெதுவாக் கேட்டேன், நீ சிரிச்ச. மறுவாரம் நல்லவளான்னு கேட்டேன், அதுக்கும் சிரிச்ச. வயசான காலத்துல தம்பிக்கு ஒரு துணை கெடைச்சுதேன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீயா சொல்லுவேன்னுதான் அதுக்கு மேல வாயத் தொறக்கல."

இவருக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, மீதி அந்தச் சந்தோஷத்துக்காக. மூன்று மாதமாக அக்கா அங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"அக்கா. இங்க யாரும் இல்ல."

"இப்பக்கூடப் பேசறாளேடா."

இரண்டாம் கோடு படுத்தது.

மூன்றாம் கோடு எழும்பியது.

இடப்பக்கம். சுவருக்கும் அவர் காதுக்கும் நடுவே ஒரு மைக் ஸ்டாண்டும் ஒரு சாண் இடமும். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. திரையை மட்டும் பார்த்தார். பச்சை. மஞ்சள். மூன்று திட்டு. மூன்று திட்டு. இடது காது மடலில் ஒரு சில்லிப்பு. வந்தது, நின்றது, வந்தது.

"என்ன... சொல்றாக்கா?"

"உனக்குக் கேக்கலையா? கேக்குதா, கேக்குதான்னு அதையேதான் கேட்டுட்டு இருக்கா. எப்பவும் அதான் கேப்பா. பாவம்டா, ஒரு பதில் சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

சிவப்பு. மூன்று திட்டும் சிவப்பு.

முப்பது வருடப் பழக்கம். இரண்டு வருடப் பொய். யோசித்துச் சொல்லவில்லை, கட்டைவிரல் தானாக உயர்ந்தது.

"கேக்குது" என்றார்.

மூன்றாம் கோடு படுத்தது. இரண்டும் ஒன்றும் ஏற்கெனவே படுத்திருந்தன. திரை முழுக்கச் சமதரை. காதில் சில்லிப்பு இல்லை. மதியத்திலிருந்து முதல் முறையாக வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பாடா, நிறுத்திட்டா" என்றாள் அக்கா.

இவர் பற்களைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான்காவது மைக் இன்னும் கையில். உதட்டிலிருந்து நாலு விரல் தூரம்.

நான்காம் கோடு எழும்பியது.

இந்த முறை மூன்று திட்டு இல்லை. இடைவெளியும் இல்லை. விடாமல் பேசுகிறவர்களின் கோடு. இவர் இன்னொரு கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருந்தது. அழுத்திப் பிடித்தார். கோடு நிற்கவில்லை. விரலிடுக்கில் சில்லென்று காற்று பட்டது.

"ம்... சொல்லு தம்பி" என்றாள் அக்கா போனில். "இப்பத்தான் உன் குரல் தெளிவா இருக்கு."

இவர் மூடிய வாயோடு தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினார்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். ம் கொட்டினாள். பிறகு சந்தோஷமாகச் சிரித்தாள். "சரிடா, சரி. அப்ப இனிமே நான் போன் பண்ணல. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க."

போன் திரை அணைந்தது. டேப்லட்டில் நான்காம் கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, பேசிக்கொண்டே இருந்தது.