புடலம்பிஞ்சில் கட்டிய கல்

யார் பார்த்த வேலை இது...

தூறலில் நனைந்தபடி புடலம்பந்தலுக்கு அடியில் நின்றாள் சரளா. அத்தை வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு இப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஊருக்குப் போகுமுன், கவிழ்த்த பக்கெட்டின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் அவள் நூலில் கட்டித் தொங்கவிட்ட கற்களில் ஒன்றுகூட இல்லை. நேராக இறங்க வேண்டிய காய்கள் இஷ்டத்துக்குச் சுருண்டு தொங்கின. கற்களோ குழாயடியில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த அழகுதான் அவள் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

"நான்தாங்க எடுத்தேன்..."

மாடிப்படியில் ஒருவன் நின்றிருந்தான். மாடிப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவன் போலிருக்கிறது. கையில் குடை இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டிருந்தான். பெரிய கண்கள்... பொய் சொல்லத் தெரியாத கண்கள்... சே, இப்போது கண்ணா முக்கியம்?

"எதுக்கு எடுத்தீங்க?"

"யாரோ விளையாட்டுக்குக் கட்டிட்டாங்கன்னு நினைச்சேன். இத்தனூண்டு பிஞ்சு... பாவமா இருந்துச்சு."

"கல்லு கட்டினாத்தாங்க புடலங்காய் நேரா வளரும். ஊருக்கே தெரியும். நீங்க எந்த ஊரு?"

"பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். நான் புடலங்காயைக் கூட்டுலதான் பார்த்திருக்கேன். என் பேரு அசரியா..."

"பேரைக் கேட்டேனா?"

விருட்டென்று உள்ளே போனவளுக்கு அழுகை முட்டியது. அவனுக்கு என்ன தெரியும்... சேலையூரில் அவர்கள் குடியிருக்கும் இந்த வீட்டில், குளியலறைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம். அவ்வளவுதான் அவள் தோட்டம். சிமெண்ட் பையில் கீரை, உடைந்த பானையில் கத்தரி, பாத்திரம் கழுவிய தண்ணீரில் தழைத்த புடலை. முதல் பூ விரிந்த சாயங்காலம், டைப்ரைட்டிங் பாஸானபோதுகூட வராத சந்தோஷம் அவளுக்கு வந்தது.

போன வருடம் சர்ச்சில் அறுப்புப் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததைப் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அம்மா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பூசணியை வைத்தாள். "இது எந்தச் சந்தையில காய்ச்சது?" என்று யாரோ கேட்க, பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மா தலை நிமிரவேயில்லை. அடுத்த வருடம் நம் மண்ணில் விளைந்ததைத்தான் வைப்பேன் என்று அன்றைக்கே சபதம் போட்டவள் சரளா. அந்தச் சபதத்தைத்தான் ஒரு புண்ணியவான் நூலோடு அறுத்துவிட்டான்.

அதோடு விட்டானா? மறுநாள் காலையில், தப்பைச் சரிசெய்கிறேன் என்று ஒரு காயில் அரைச் செங்கல்லைக் கட்டினான். காய் காம்போடு கழன்று விழுந்தது.

"பந்தல் பக்கமே வராதீங்க," என்றாள் சரளா. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை அசரியா ரயிலிலிருந்து பல்லாவரத்தில் இறங்கி, சந்தைக்குப் போய், நெட்டுக்குத்தாக நீண்ட இரண்டு புடலங்காய்களோடு வந்து கதவைத் தட்டினான்.

"நாளன்னிக்கு அறுப்புப் பண்டிகைன்னு உங்கம்மா சொன்னாங்க. இதை வைங்க. நல்லா நேரா இருக்கு..."

சரளாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. "எங்க வீட்டுல விளையாததை எங்க வீட்டுதுன்னு வைக்கச் சொல்றீங்களா? நாங்க அவ்வளவு கேவலமா?"

கதவு அவன் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. அவன் நின்றுகொண்டே இருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது... ஆனால் கதவைத் திறக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சுருண்ட காய்களில் பெரியதைப் பறித்துத் தட்டில் வைத்து, நிமிர்ந்தபடியே கொண்டுபோனாள்.

ஏலம் விட்ட துரை அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்தார். "இன்னாம்மா இது, ஜிலேபி மாதிரி கீது?"

கூட்டம் சிரித்தது. அம்மாவின் கை சரளாவின் கையைத் தேடியது.

"எங்க வீட்டுல காய்ச்சது அண்ணா," என்றாள் சரளா, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

சிரிப்பு அடங்கியது. பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. வேறு யாரும் கேட்கவில்லை. அந்தக் கை மறுபடி உயர்ந்தது.

"தம்பி, உன் ஏலத்துக்கு மேல நீயே ஏத்திகினு போறியே," என்றார் துரை அண்ணன்.

வாசலில் தூறல். காயை நெஞ்சோடு அணைத்து நின்ற அசரியாவின் முன் போய் நின்றாள் சரளா.

"பரிதாபப்பட்டு வாங்கினீங்களா?"

"இல்லைங்க... விதைக்கு."

"பிஞ்சுக் காய்ல ஏதுங்க விதை? கொடியிலயே பழுக்க விடணும். இதுகூடத் தெரியாதா?"

"தெரியாது." அவன் கண்கள் முதல்முறையாக அவள் கண்களை நேராகப் பார்த்தன. "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நீங்க திட்டினாக்கூடப் பரவாயில்ல, பேசினாப் போதும்னு இருக்கு. எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவன் குடை இன்றும் விரியாமலே இருந்தது. அவள் அதை வாங்கி விரித்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு. கோபம்தான் இன்னும் போகல." ஒரு கணம் தயங்கினாள். "புதுசா ஒரு பிஞ்சு இறங்கியிருக்கு. சாயங்காலம் கல்லு கட்டணும். சின்னக் கல்லு. எனக்கு எட்டாது..."

"பக்கெட் மேல ஏறித்தானே கட்டுவீங்க?"

"அது உடைஞ்சிடுச்சு."

பக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.