மூன்றாவது பெயர்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகவே பொருந்தும். போன வருடத்துக் கட்டுரையை இந்த வருடக் கட்டுரையில் மேற்கோள் காட்டி, இந்த வருடத்ததை அடுத்ததில் காட்டி, இப்படித் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளாத ஒரு பேராசிரியரை அவள் தன் வேலையில் இதுவரை சந்தித்ததில்லை. அதனால்தான் அந்த ஆள் கண்ணில் உறுத்தினார். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் அவர் பெயர் இருந்தது. ஒன்றில்கூடத் தன்னுடைய இன்னொரு கட்டுரையை அவர் மேற்கோள் காட்டியிருக்கவில்லை.

யார் யாரோடு கூட்டுச் சேர்ந்து எழுதுகிறார்கள், யார் யாரை மேற்கோள் காட்டித் தூக்கிவிடுகிறார்கள், அதில் எது நேர்மை, எது பேசிவைத்த கூத்து என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. 'எங்கம்மா துப்பறியறவங்க' என்று பத்து வயது மகள் பள்ளியில் சொல்லிவைத்திருந்தாள். துப்பாக்கி கிடையாது, நாற்காலி மட்டும் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில், நீண்ட நடைபாதையின் கடைசி அறை. மழைக்காலத்தில் அங்கே ஈரக் கம்பளத்தின் வாசமும், சூடேறிய கணினிக்குள் தூசி பொரிகிற வாசமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே தகரச் சாய்ப்பில் மழை விழுகிற சத்தம் நாள் முழுக்க யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்வதுபோலவே கேட்கும்.

அறையில் கூட இருந்தவரை எல்லோரும் புள்ளிக்காரர் என்பார்கள். கட்டுரை எழுதிய ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக்கி, சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவே கோடு போட்டுத் திரையில் வரைபடமாகக் கொண்டுவருவது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். ஆறிப்போன ஜோக்குக்கும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

"சார், இந்த ஆள் மண்ணைப் பத்தியும் எழுதறார், இதய வால்வைப் பத்தியும் எழுதறார், பாலம் கட்டறதையும் விட்டுவைக்கல. ஒரே ஆளால முடியுமா?"

"சாதாரணப் பேருதானே மேடம். அந்தப் பேர்ல நாலு பேர் இருப்பாங்க."

"நாலு பேரும் மூணாவதாவேதான் நிப்பாங்களா?"

எல்லாக் கட்டுரைகளிலும் மூன்றே பெயர்கள். அதில் எப்போதும் மூன்றாவது இவர். "மூணாம் மனுஷன்னு சொல்றது இவரைத்தான் போல" என்றாள் அவள். புள்ளிக்காரர் சிரிக்கவில்லை. தன் திரையை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரையில் பெயர் சேர்க்கிற கும்பல்கள் உண்டு. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அதில் ஒரு மட்டை தன் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறதோ என்று நினைத்தாள். அவர் தேநீர் குடிக்க எழுந்துபோகும்போதெல்லாம் அவர் மேஜையைக் கண்ணால் துழாவினாள். திரும்பி வரும்போது அவரும் அவள் மேஜையை அப்படியே பார்த்தார்.

பாலத்தைப் பற்றிய ஒரு பழைய கட்டுரையில்தான் முடிச்சு பிடிபட்டது. அதன் மூன்றாவது ஆசிரியர் இந்த ஆள். ஆனால் அது வெளிவந்த புதிதில் அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் மூன்றாவதாக வேறொரு பெயரை எழுதியிருந்தார்கள். ஒருவர் தப்பாக எழுதலாம். ஒருவரையொருவர் அறியாத பதினைந்து பேர், வேறு வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே தப்பை எழுதுவார்களா? கட்டுரையை மாற்றிவிட முடிந்திருக்கிறது. அதைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்ததை மாற்ற முடியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கீழே போய் அச்சுப் பிரதியையே எடுத்துப் பார்த்தாள். முப்பது வருடப் பழைய தொகுப்பு. தாள்கள் மஞ்சளாகிப் பழைய பசையின் வாசம் அடித்தது. அதிலும் மூன்றாவதாக இந்த ஆளின் பெயரே இருந்தது. சுரண்டிய தடம் இல்லை, ஒட்டிய தடம் இல்லை. ஆனால் அந்த ஒரு பெயரிலிருந்து மட்டும் புது மையின் வாசம் வந்தது. விரலால் தொட்டாள். விரல் கறுப்பாகிவிட்டது.

அன்று பிற்பகலே அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தாள். பாலப் பொறியாளர், ஓய்வு பெற்றவர். குரல் நன்றாகவே இருந்தது. பழைய கட்டுரை என்றதும் சந்தோஷப்பட்டார்.

"உங்களோட மூணாவதா எழுதினாரே, அவர் எப்படி இருப்பார் சார்?"

"எப்படின்னா? பக்கத்துல உட்கார்ந்து எழுதிட்டே இருப்பார். நல்ல உழைப்பாளி."

"ஆள் பார்க்க எப்படி? உயரமா, குள்ளமா?"

"நான் திரும்பிப் பார்த்ததில்லையேம்மா."

அவள் பேனாவை மூடினாள். கிழவர் நன்றாக நடிக்கிறார் என்று தோன்றியது. "கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"இங்கதான் இருக்கார். மெதுவா பேசுங்க, எழுதிட்டிருக்கார். இப்ப நாங்க மூணு பேர்தான் இந்த வீட்ல. நான், சம்சாரம், அவர்."

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"இல்ல." பிறகு, தன்னிடமே கேட்டுக்கொள்வதுபோல, "இல்லைன்னுதான் நினைக்கிறேன். மாடில ஒரு சின்னக் கட்டில் கிடக்கு. யாரு வாங்கிப் போட்டாங்கன்னு சம்சாரத்துக்கும் தெரியல."

வயதாகி நினைவு தப்பிவிட்டது, அவ்வளவுதான் என்று அவள் தொலைபேசியை வைக்கப் போனாள். வைப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. தாளில் பென்சில் ஓடுகிற சத்தம். அவசரமே இல்லாமல், நிறுத்தாமல்.

திரும்பினால் புள்ளிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இந்த ரூம்ல நாம எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். என்ன கேள்வி சார் இது?"

"அப்ப அது யாரோட மேஜை?"

ஜன்னலோரம் மூன்றாவதாக ஒரு மேஜை இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஜன்னலைத் திறப்பாள். ஆனால் யாருடையது என்று ஒருமுறையும் யோசித்ததில்லை. நாற்காலி முதுகில் பச்சைச் சால்வை ஒன்று மடித்துப் போட்டிருந்தது. மேஜைமேல் உரித்த ஆரஞ்சுப்பழம். பாதிச் சுளைகள் தின்னப்பட்டிருந்தன. தோல் இன்னும் காயவில்லை.

"நேத்து வரைக்கும் யாரோ இங்க இருந்திருக்காங்க மேடம். ஒரு பொம்பளை. எனக்கு ஞாபகமில்ல. உங்களுக்கும் இல்ல."

"நீங்க ஏதோ நாடகம் ஆடறீங்க."

"உங்களுக்கு என்மேல சந்தேகம்னு தெரியும். ரெண்டு நாளா நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். இதைப் பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பினார். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையின் முதல் பக்கம். மேலே அவள் பெயர். அடுத்து அவர் பெயர். அதற்கடுத்து அந்தப் பெயர்.

"இது நான் போடல" என்றார்.

"நானும் போடல."

மழை சற்று ஓய்ந்திருந்தது. அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் இன்னும் கேட்டது. இருவர் கையும் விசைப்பலகையில் இல்லை.

"ஏன் மூணாவது?" என்று கேட்டாள்.

"முதல் பேரை எல்லாரும் சொல்லுவாங்க. ரெண்டாவதைச் சில பேர் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் 'மற்றும் பலர்'தானே மேடம். அங்க யார் வந்தா, யார் போனான்னு எவன் பாக்கறான்?"

மூன்று பேர். அந்தச் சொல் அவள் நெஞ்சில் எங்கேயோ போய் இடறியது. நான், சம்சாரம், அவர். மாடியில் ஒரு சின்னக் கட்டில். அவள் வீட்டிலும் மூன்று பேர்தான்.

பையை எடுக்கக்கூட நிற்காமல், கைபேசியோடு மட்டும் ஓடினாள்.

பேருந்தில் ஈரக் குடைகளின் வாசம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கணவனை அழைத்தாள்.

"பாப்பா எங்க?"

"வந்துட்டா. ரூம்ல எழுதிட்டிருக்கா."

"நீச்சல் வகுப்பு முடிஞ்சு அதுக்குள்ள எப்படி வந்தா? நீங்க பார்த்தீங்களா? முகத்தைப் பார்த்தீங்களா?"

"என்ன பேசற நீ? நம்ம பிள்ளை முகத்தை நான் என்ன பார்க்கறது? வா சீக்கிரம், டீ போட்டு வைக்கறேன்."

இணைப்பு அறுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மகளை நினைவில் கூட்ட ஆரம்பித்தாள். இடது புருவத்தில் அம்மைத் தழும்பு. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. எந்தப் பாட்டையும் தப்பான வரியோடுதான் பாடுவாள். பொத்தான் வைத்த சட்டை பிடிக்காது. மறுபடியும் முதலிலிருந்து. புருவத்தில் தழும்பு. பல் ஆடுகிறது. பாட்டு. மறுபடியும். புருவத்தில். எந்தப் புருவம்? பெயரைச் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது. மூன்று எழுத்துப் பெயர். மூன்றா, நான்கா?

இறங்கி ஓடினாள். சேற்றில் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு படியேறினாள்.

கணவன் கதவைத் திறந்தான். "என்ன கோலம் இது?"

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. அந்தி வெளிச்சத்தில் மேஜைமுன் ஒரு முதுகு. குனிந்த தலை. பென்சில் ஓடுகிற சத்தம்.

புது மையின் வாசம்.

கத்த வேண்டும் என்று வாய் திறந்தாள்.

"வந்துட்டீங்களாம்மா?" என்றது அந்த முதுகு, திரும்பாமல்.

என்ன நல்ல குரல். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். நெஞ்சுப் படபடப்பு மெல்ல அடங்கியது. எதற்காக இப்படி ஓடிவந்தோம் என்று வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமாக எல்லோர்மீதும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கடைசியில் சொந்த வீட்டில் வந்து நிற்கிறது புத்தி. "லைட்டைப் போட்டுட்டு எழுதக் கூடாதா கண்ணு?" என்றாள்.

"முடியப்போகுதும்மா."

அழைப்புமணி அடித்தது.

கணவன்தான் போய்த் திறந்தான். வாசலில் ஒரு சிறுமி. ஈரத்தலை தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் நீச்சல் பை. ஒரு புருவத்தில் சின்னத் தழும்பு.

"அப்பா, வேன் லேட்டுப்பா. செம பசி."

"யாரும்மா நீ? எந்த வீட்டுக்குப் போகணும்?"

சிறுமி சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள் போல. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

"அம்மா?"

அவள் கூடத்துக்கு வந்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ. பாவம், இப்படி நனைந்துபோய் நிற்கிறதே. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

"வழி தவறி வந்துட்டியா செல்லம்? உன் பேர் என்ன?"

"அம்மா... விளையாடாதீங்கம்மா."

உள்ளே பென்சில் சத்தம் நின்றது.

நாற்காலி தரையில் இழுபட்டது. காலடி. இன்னொரு காலடி. மெதுவாக.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் விரல்களைப் பற்றிக்கொண்டது. ஈரமாக. கனமாக. அவள் கையைவிடப் பெரிதாக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற சிறுமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். தலைக்கு மேலே. கழுத்து பின்னால் சாயச் சாய, கதவு நிலையின் உச்சிவரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள்.