தொண்ணூறைத் தாண்டாமல்

காலை ஐந்தரைக்கு மாசானமுத்து பாயை விரித்து உட்கார்ந்தான். படுத்த படுக்கையாக ஆள் கிடக்கிற வீடுகளில் எல்லாம் அந்நேரத்துக்கு யாராவது ஒருவர் இப்படிக் கண்ணை மூடி உட்கார்ந்தாக வேண்டும். மணிக்கட்டில் கட்டிய, மன அமைதியை அளக்கும் அகமானி ஒரு தடவை துடித்தது. அதிலிருந்து பெண்குரல் வந்தது. "மூச்சைக் கவனியுங்கள். உங்கள் அன்பானவரை நினையுங்கள். பற்றை விடுங்கள்."

"எதை விட?" என்றான்.

கட்டிலில் கிடந்த அவன் மனைவி சொர்ணம் சிரித்தாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து இரண்டு வருஷம். வாய் கோணியதே தவிர நாக்கு மழுங்கவில்லை. "அந்தப் பிள்ளைகிட்டயும் சண்டையா? பேசாம இரும்."

அவனுக்குத் தெரிந்த கும்பிடு ஒன்றுதான். குலசாமி மாடனை நினைத்து வாய்க்கு வந்தபடி ஏசுவது. "வேய், கண்ணு அவிஞ்சு போச்சா உமக்கு? இவ உமக்கு என்ன செஞ்சா?" அவன் அப்பனும் அப்படித்தான் கும்பிட்டான். ஏசி முடித்தால் நெஞ்சு காலியாகும். அப்புறம் அவளைத் துடைத்துவிட, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட, வேலைக்குப் போகத் தெம்பு வரும். அகமானிக்கு அது கும்பிடாகத் தெரியவில்லை. கலக்கம் என்று எழுதி நூற்றுக்கு முப்பத்தாறு கொடுத்தது. ஏசாமல் இருந்து பார்த்தான். அழுகை வந்தது. இருபத்தெட்டு.

நாற்பதுக்குக் கீழே நான்கு வாரம் நின்றால், பராமரிப்பவர் உள்ளம் உடைந்தவர் என்று அகநல வாரியம் முடிவு கட்டும். உடைந்த ஆள் கையில் நோயாளியை விடக்கூடாது என்பது சட்டம். அமைதியகத்துக்கு எடுத்துப் போவார்கள். நல்ல இடம் என்றுதான் சொல்கிறார்கள். குளிர்ந்த அறை, வெள்ளைத் துணி. போய்ப் பார்க்க மட்டும் முடியாது, இரண்டு பக்கமும் மனம் கலங்குமாம். மூன்றாம் தெரு அந்தோணி தன் அம்மாவை அனுப்பினான். ஆறாம் நாள் வாரியத்திலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

மாசானமுத்துவுக்கு மூன்று வாரம் முடிந்துவிட்டது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தொட்டிச் சுவரில் ஏறிய உப்பைச் சுரண்டிக்கொண்டே கூட்டாளி சேர்மக்கனியிடம் சொன்னான். அவன் சுரண்டியை நிறுத்தினான். "உன்னது பழைய மாடல்தான அண்ணே? யாரு நாடின்னு அதுக்கு எப்படித் தெரியும்? மதினி கையில கட்டு. நீ கத்துற கத்துக்கு அவுக எவ்வளவோ தேவல."

மறுநாள் சொர்ணத்தின் இடது கையில் கட்டினான். மெலிந்த கை, வார் நழுவியது. கழன்றுவிடாமல் இருபது நிமிஷமும் அவள் மணிக்கட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தொண்ணூற்று மூன்று.

ஏழு நாளும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. கட்டி முடித்ததும் புறவாசலுக்குப் போய் மாடனை ஆசைதீர ஏசினான்.

எட்டாம் நாள் வாசலில் வெள்ளை வண்டி வந்து நின்றது. வாரியத்து விஜிலா இறங்கினாள். பின்னால் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள்.

"வாழ்த்துகள் அண்ணாச்சி. இந்த வட்டாரத்துல இப்படி ஒரு ஸ்கோர் வந்ததே இல்ல."

"சந்தோஷம் மேடம். ஸ்ட்ரெச்சர் எதுக்கு?"

"ஏழு நாள் தொண்ணூறுக்கு மேல போயிட்டா, நீங்க மனசால விடை கொடுத்து முடிச்சிட்டீங்கன்னு அர்த்தம். கையேட்டுல கடைசிப் பக்கம். படிக்கலையா?"

நாற்பத்தெட்டு வயதில் ஆலை வகுப்பில் எழுத்துக் கற்றவன் அவன். கையேட்டை விரல் வைத்துப் படித்து வந்தான். பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் போயிருந்தான்.

"அது என் நம்பர் இல்ல மேடம்," என்றான். "அவ கையில கட்டினேன். தப்புதான். என்னை என்ன வேணா செய்யுங்க."

விஜிலா கட்டிலைப் பார்த்தாள். "அப்போ உங்களைக் கேக்கவே வேண்டாம். நோயாளியே கிளம்பத் தயாரா இருக்காங்க." அந்த இருவரும் உள்ளே வந்தார்கள்.

"யாரு தயாரா இருக்கா?" என்றாள் சொர்ணம். "தாயி, இந்த மனுஷன் கல்யாணத்தன்னைக்கு என் கையைப் புடிச்சாரு. அதுக்கப்புறம் இந்த ஏழு நாளுதான். சொகமா இருந்துச்சு. அதுக்குப் பேரு சாவா?"

விஜிலா கையிலிருந்த கருவியின் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதை எழுத இதுல கட்டம் இல்லக்கா," என்றாள். திரையை அணைத்தாள். பிறகு, "அண்ணாச்சி, நீங்க அந்தச் சுவரோரம் போங்க. கிட்ட வரக்கூடாது."

சொர்ணத்தின் கையில் புது மாடல் ஒன்றைப் பூட்டினாள். எண்பது. எழுபத்திரண்டு. அறுபத்து நாலில் நின்றது.

"இருக்கட்டும். இனி ரெண்டு பேருக்கும் அகமானி உண்டு, ராப்பகலாக் கையிலயே கிடக்கும், கழட்ட முடியாது. இவங்களது தொண்ணூறைத் தாண்டாம பாத்துக்கோங்க. இன்னொரு தடவை நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது."

வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

ஒரு மாதம் போனது. மாசானமுத்துவுக்கு இப்போது ஏசவும் வரவில்லை, அழவும் வரவில்லை. மாடனிடம் சொல்ல எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். அகமானி அதற்கு ஐம்பத்திரண்டு கொடுத்தது.

அன்று மதியம் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே கடல்காற்று வந்தது. அவள் கண்ணை மூடினாள். எண்பத்து நாலு.

"இன்னும் கொஞ்சம் சீவும்."

எண்பத்தேழு. எண்பத்தொன்பது.

அவன் சீப்பை எடுத்துவிட்டான். "உன் தம்பி இந்த வாரமும் எட்டிப் பாக்கல. நீ செத்துட்டன்னே நெனச்சிருப்பான்."

அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. எண் இறங்கி இறங்கி எழுபத்தொன்றில் நின்றது. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே சொன்னாள். "நாளைக்கு வேற ஏதாவது சொல்லும். தம்பி பேச்சு வேண்டாம். அது ரொம்ப வலிக்கி."

"சரிளா," என்றான். சீப்பில் சிக்கிய முடியை எடுத்தபடி, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வலிக்கிற ஒன்றை யோசிக்கத் தொடங்கினான்.