பதினோராவது எபிசோட்

வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், நாத்தனார் நேரே கூடத்துக்குப் போய் டிவி பிளக்கைப் பிடுங்கினாள்.

"இது இருக்கிற வரைக்கும் இந்த வீடு உருப்படாது!"

அடுப்படியில் நின்றிருந்த மருமகள் திரும்பிப் பார்த்தாள். மணி எட்டுகூட ஆகவில்லை. மாமியார் விழுந்து கை ஒடிந்து இன்றோடு மூன்றாம் நாள். இதே வசனத்தைப் போனில் நாலு தடவை கேட்டாயிற்று. இப்போது நேரில்.

"அந்தக் கொரியாக்காரன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே அண்ணி... எங்கம்மா விழுந்து கத்தினது உங்க காதுல விழவே இல்லையா? நீங்கள்லாம் மனுஷிதானா?"

மருமகள் வாயே திறக்கவில்லை. ஆனாலும் சட்டைப் பொத்தானைப் போட்டபடி அறையிலிருந்து வந்த கணவர், "காலங்காத்தால ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டார்.

ரெண்டு பேராம்!

ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். கணவருக்குப் பஸ் டிப்போவில் டயர் பிரிவு. ஒரு நாள் இல்லையென்றால் வண்டி கிளம்பாது. நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பரீட்சை நேரம். மருமகள் மட்டும் என்ன, சும்மாவா இருந்தாள்? ஆஸ்பத்திரி மருந்தகத்தின் ஜன்னலில் பதினாலு வருஷம் நின்றவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். முதலில் ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்தாள். அப்புறம் இன்னொரு மாதம். மூன்றாவது கடிதம் ராஜினாமா. வேலையை விடு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. விடாதே என்றும் ஒருத்தர் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கென்று கிடைத்தது மத்தியானம் ஒரு மணி நேரம். மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, படுக்க வைத்து, உலர்ந்த துணியை மடிக்கிற நேரம். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது, "இதைப் பாரும்மா, தமிழ்லயே பேசுவாங்க" என்று அந்தக் கொரியத் தொடரைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

அதில் ஒரு மழைக்காவலன் வருவான். தொள்ளாயிரம் வயது. மழை பெய்யும்போது மட்டும்தான் மனித உருவம். அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான், செருப்பு தைக்கும் ஒரு பெண்ணைத் தவிர. 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அவன் இந்த உலகத்திலிருந்தே மறைந்துவிடுவான். ஆகவே அவள் சொல்ல வந்ததை எபிசோட் எபிசோடாக விழுங்கிக்கொண்டே இருப்பாள்.

அவன் முகத்துக்காக மருமகள் பார்க்கவில்லை. முகம் ஒன்றும் மோசமில்லை, அது வேறு விஷயம். மூன்றாவது எபிசோடில் அந்தப் பெண் இடது தோள் வலிக்கிறது என்று போகிற போக்கில் சொல்வாள். ஆறாவதில் இருவரும் சேர்ந்து நடக்கும்போது, அவன் ஒரு வார்த்தை பேசாமல் அவளுடைய இடது பக்கம் வந்து, பையை வாங்கிக்கொள்வான். அவ்வளவுதான். அதைப் பார்த்த அன்று மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தொள்ளாயிரம் வயசுக்காரனுக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த வீட்டில் ஐம்பது வயசுக்காரருக்கு, குழாய் ஒழுகுகிறது என்று நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது!

மாமியார் மட்டும் அந்தத் தொடரைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். "சீ! உதட்டுல சாயம் பூசிக்கிட்டு... இவனெல்லாம் ஒரு ஆம்பளையா? கதவைச் சாத்து!"

புதன்கிழமை பதினோராவது எபிசோட். மழை விடப்போகிறது, அந்தப் பெண் வாயைத் திறக்கப்போகிறாள்... அந்த நேரம் பார்த்து நிஜமாகவே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டைமாடியில் துணி! படத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினாள். பாதித் துணியை எடுப்பதற்குள் மழை கொட்டி அவளை நனைத்துவிட்டது. அப்போதுதான் கீழே தொம்மென்று ஒரு சத்தம்.

கூடத்தில் டிவிக்கு முன்னால் மாமியார் கிடந்தார். பிடித்து நடக்கும் வாக்கர் அவர் அறையிலேயே இருந்தது. இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வலது கையில் ரிமோட். விழுந்த வேகத்தில் பட்டன் அழுந்தியிருக்க வேண்டும். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ அத்தை! என்ன ஆச்சு?"

"யார்கிட்டயும் சொல்லிடாதேடி..." மாமியார் ரிமோட்டை அவள் பக்கம் தள்ளினார். "இதுக்காகத்தான் எழுந்து வந்தேன்னு சொல்லிடாதே. உன் நாத்தனார் ஊரைக் கூட்டிச் சிரிப்பா. என் மேல சத்தியம்!"

போன் போட்டதும் டிப்போவிலிருந்து பதறிக்கொண்டு வந்த கணவர் பார்த்தது இரண்டே இரண்டு. தரையில் அம்மா, டிவியில் கொரியாக்காரன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அம்மாவை இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். நல்ல ஹோம் ஒண்ணு பார்த்திருக்கேன், எப்பவும் நர்ஸ் இருப்பாங்க. அண்ணி நிம்மதியா உட்கார்ந்து சீரியல் பார்க்கட்டும்!"

கணவர் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்து, "அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு... நீயும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ல?" என்றார்.

மருமகள் அடுப்பை அணைத்தாள். அறைக்குப் போனாள். அலமாரியிலிருந்து நாலு புடவையை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"எங்கக்கா வீட்டுக்கு." குரல் உடைந்தது. "ஆறு வருஷங்க! ஒரு நாள் ஒரு மாத்திரை தப்பியிருக்கா? அவங்க முதுகுல ஒரு புண் வந்திருக்கா? ஒரு மணி நேரம்... நாள் பூரா ஒரே ஒரு மணி நேரம் எனக்குன்னு உட்கார்ந்தேன். அதுவும் துணி மடிச்சுக்கிட்டே! போதும். எனக்கு அலுத்துப்போச்சு."

"செய்யறதையும் செஞ்சுட்டு அழுகை வேறயா?" என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"வாயை மூடுடி!"

எல்லோரும் திரும்பினார்கள். அறை வாசலில் மாமியார். ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் வாக்கர். அதைத் தள்ளித் தள்ளி, மூச்சு வாங்க நின்றார்.

"அம்மா! நீ ஏன் எழுந்து வந்தே?"

"கிட்ட வராதே! அன்னைக்கும் நானாத்தான் எழுந்து வந்தேன். உன் அண்ணி மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தா. அந்தப் படத்தை ஓட விடறதுக்கு நான்தான் வந்தேன்... விழுந்தேன்."

"நீயா? அந்தச் சீரியலா?"

"ஆமா! மூணாவது எபிசோட்லேர்ந்து பார்க்கறேன். சாத்தின கதவைக் கொஞ்சமாத் திறந்து வெச்சு, நாற்காலி போட்டுத் திரைச்சீலை இடுக்கு வழியா. போதுமா? சொல்லாதேன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான். அந்தப் பொண்ணு வாயைத் திறந்து சொன்னாளா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது!"

நாத்தனாருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா காதல் கதை?"

"பின்னே எந்த வயசுல பார்த்திருக்கணும், சொல்லு! பதினெட்டு வயசுல உங்கப்பாவைக் கட்டிக்கிட்டேன். நாப்பத்தோரு வருஷம். நல்ல மனுஷர், குறை சொல்லலை. ஆனா நான் மழையில தெப்பமா நனைஞ்சு வந்து நின்னா, 'குடையை எங்கே தொலைச்சே?'ன்னுதான் கேட்பார். அந்தப் பையன் அவளைப் பார்த்து, 'குளிருதா?'ன்னு கேட்கறான்டி... அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். தப்பா?"

மாமியாரின் கண்ணில் நீர் தளும்பியது.

"தப்புதான். ஆனா படம் பார்த்தது தப்பு இல்லை. மூணு நாளா இவளை நீங்க கடிச்சுக் குதறினப்ப, என் மானம்தான் பெரிசுன்னு வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேனே... அதுதான் தப்பு."

கணவர் தயங்கித் தயங்கி, "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?" மருமகளுக்கு இப்போது அழுகை நின்றுவிட்டது. "என்ன நடந்துச்சுன்னு மூணு நாள்ல ஒரு தடவை கேட்டீங்களா? டிவி ஓடினது கண்ணுக்குத் தெரிஞ்சுது. நான் மழையில நனைஞ்சு நின்னது தெரியலை."



மாமியார் வாக்கரை விட்டுவிட்டு ஒற்றைக் கையால் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டார். மாவுக்கட்டு விலாவில் இடித்தது. "மெதுவா அத்தை... கை, கை!" என்று அழுகையும் அதட்டலுமாக அவள் தாங்கிப் பிடித்தாள். நாத்தனார் அருகில் வந்து, "அண்ணி... நான் அவசரப்பட்டுட்டேன்..." என்று முனகினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, பையை உள்ளே வை," என்றார் கணவர், எல்லாம் தீர்ந்துவிட்டது போல.

"வைக்க மாட்டா," என்றார் மாமியார். "பத்து நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வரட்டும். நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி என்னைப் பாருங்க."

"ஐயோ, எனக்கு ஸ்கூல் இருக்கேம்மா!"

"அவளுக்கும் வேலை இருந்துச்சு. அவ மட்டும்தான் விட்டா."

மாத்திரை நேரங்களை ஒரு தாளில் எழுதி நாத்தனாரிடம் கொடுத்தாள் மருமகள். எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அடிக்கோடிட்டு, இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பத்து நாள் கழித்துத் திரும்பினாள். நேரே வீட்டுக்கு வரவில்லை. வழியில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இறங்கி, திங்கட்கிழமை முதல் காலை ஷிப்ட் என்று பேசி முடித்துவிட்டுத்தான் வந்தாள். யாரையும் கேட்கவில்லை. வந்து சொன்னாள், அவ்வளவுதான்.

பத்து நாளில் கணவரின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "அப்ப அம்மாவைக் காலையில..." என்று இழுத்தார்.

"நீ பார்த்துக்கோடா!" அறைக்குள்ளிருந்து மாமியாரின் குரல். "உங்க டிப்போவில மத்தியான ஷிப்டே கிடையாதா என்ன?"

அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "நீ எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.

"ஏழேகாலுக்கு," என்றாள் அவள்.