எதிர் நாற்காலியில் பிரேமினி

பிரேமினி உட்கார்ந்தபோது பிரம்பு நாற்காலி முனகவில்லை.

பூனை ஏறினாலும் முனகுகிற நாற்காலி அது. ஆலோசகர் யோகேஸ்வரன் கவனித்தார். கவனிக்காதவர்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் வாரம் ஒரு பின்னேரம் அவருடைய அரசாட்சி. தொட்டில்களை ஓரங்கட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய சட்டத்தில் தன் சான்றிதழை மாட்டியிருந்தார். வந்தவர் சொன்னதை வந்தவருக்கே திருப்பிச் சொல்வதுதான் அவர் படித்த வித்தை. சொந்தச் சரக்கு சேர்க்கக்கூடாது. சேர்க்க இருந்தால்தானே.

முதல் நாள் அவள், "லயத்து வீடுங்கள்ல யாருமே என்னைய ஒரு ஆளா மதிக்கிறதில்லைங்க சார்" என்றாள்.

"நீங்க ஒரு ஆளே இல்லன்னு உணர்றீங்க" என்று கொஞ்சம் செதுக்கித் திருப்பிக் கொடுத்தார். அவள் நிமிர்ந்து, அப்படியா என்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதுதான் உறைத்தது. காதுமடல் சுட்டது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"நீங்க சொன்னது சரிதாங்க சார். காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப கணக்கப்புள்ள என் பேர தாண்டிப் போயிடறாரு. ராத்திரி மாமியா எனக்குச் சோறு போடல. கோவமில்லைங்க. ஞாபகமில்ல."

சன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டு வந்தது. ஈரச்சாக்கு வாடையும் புளித்த பால் வாடையும் கலந்து அறைக்குள் கனத்தன. குளிரில் அவர் மூச்சு புகைந்தது. அவளுடையது புகையவில்லை.

நான் சொன்னது தப்பும்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சான்றிதழைப் பார்த்தார். நாக்கு கூசியது.

"உங்களுக்கு... அப்படித் தோணுது."

அவள் தலையாட்டினாள். மடியிலிருந்த கை மங்கியது. கைக்குள்ளே பிரம்புப் பின்னல் தெரிந்தது.

சொல்லிவிடு. இப்போதே. வாயைத் திறந்தார்.

கதவு திறந்தது. அவள் புருஷன் அழகன், தலையில் சாக்கோடு.

"என்ன சார், தனியா குந்தியிருக்கீங்க? ஆளு யாரும் வரலையா?"

கேட்டுக்கொண்டே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள்மேல்.

அவன் தோளுக்கு மேலே அவள் முகம் இருந்தது. கண்கள் அவரையே பார்த்தன. பதிலுக்காக.

அவள் இங்கே இருக்கிறாள் என்றால், எப்படி இப்படி ஆனாள், எதனால் என்று கேட்பான்.

"ஆமா அழகன்" என்றார் தரையைப் பார்த்து. "யாரும் வரல."

அழகன் வசதியாகச் சாய்ந்துகொண்டான். அவன் முதுகு அவள் முகத்துக்குள் போயிற்று. மிஞ்சிய இரண்டு கண்களும் மரியாதையாகத் தாழ்ந்தன.